நாற்று வேர்பிடிக்கும் காலம்



வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு வட்டாரத்து ஊர்களில் பிறந்து வளர்ந்த நம்முள் பெரும்பாலோர்க்கு நடவு என்பது ஏட்டில் படித்தறிந்த செய்தியன்று. நாற்றங்காலில் பசுமையாய் நின்ற நாற்றைப் பிடுங்கிக் கழனியில் நடுகின்றோம். நட்ட மறுநாள் அதனைப் பார்த்தால் தலை சாய்ந்து, நிறம் வெளுத்து, வாடிப்போனதுபோல் தோன்றும். வேளாண்மை அறியாதவர் ‘பயிர் போயிற்று’ என்று அஞ்சுவர். அறிந்தவரோ வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ‘இன்னும் வேர் பிடிக்கவில்லை, தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்’ என்று மட்டும் கூறிச் செல்வர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் நாற்று நிமிரும்.

இன்று நம் குடும்பங்களில் இளையோர் பலர் பணியின் பொருட்டுப் புதிய நகரங்களில் குடியேறுகின்றனர். அவர்களுடன் இரண்டு வயதும் ஐந்து வயதும் நிரம்பிய குழந்தைகளும் பெயர்த்து நடப்படுகின்றனர். அக்குழந்தைகள் வேர்பிடிக்கும் காலத்தில் நாம் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பதே இப்பாடத்தின் பொருள். முப்பத்தைந்து ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பணியாற்றியும் யாம் அறியாதிருந்த சிலவற்றை, 2022 சூன் முதல் 2023 மார்ச்சு வரை பெங்களூரில் மகன் இல்லத்தில் தங்கியிருந்த பத்துத் திங்களில் கற்றோம். யாம் செய்த பிழைகளையும் மறைக்காமல் எழுதுகின்றோம். பிறருடைய பிழையும் ஒரு பாடமே அன்றோ!

பேச்சு நின்ற வீடு

எம் பேத்திக்கு அப்பொழுது ஐந்து வயது நிரம்ப இரண்டு மாதங்கள் இருந்தன. பேரனுக்கு இரண்டேகால் வயது. ஊரில் இருந்தவரை பேத்தி வாய் ஓயாத குழந்தை. தெருவில் போகும் பால்காரரை நிறுத்திப் பசுவின் நலம் விசாரிப்பாள். பெங்களூரில் யு.கே.ஜி. வகுப்பில் சேர்ந்த நாள் முதல் பள்ளியில் ஒரு சொல்லும் பேசவில்லை. வகுப்பறையில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் கன்னடமும் இந்தியும், அவள் அறிந்ததோ தமிழ் ஒன்றே.

ஆறு வாரம் சென்றபின் வகுப்பாசிரியை மகனையும் மருமகளையும் அழைத்து, “குழந்தை எதற்கும் விடை கூறுவதில்லை. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று அறிவுரை கூறினார். அன்றிரவு மருமகள் எம்மிடம், “அத்தை, பள்ளியில் சொன்னபடியே கொஞ்ச நாள் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறோம். நீங்களும் ஒத்துழையுங்கள்” என்று தயக்கத்துடன் கூறினார். அவர் கண்ணில் அச்சம் இருந்தது. யாமும் மறுக்கவில்லை. ஆசிரியர் சொல்லை ஆசிரியரே மறுப்பதா என்று எண்ணினோம். எமக்கு ஆங்கிலத்தில் கதை கூறும் அளவிற்குப் பழக்கமில்லை. ஆகவே இரவில் கதை கூறும் வழக்கத்தை நிறுத்தினோம்.

மூன்று வாரங்கள் வீடு அமைதியாய் இருந்தது. மகனும் மருமகளும் களைத்துத் திரும்பி, எண்ணி எண்ணி ஆங்கிலத்தில் சில கட்டளைகள் கூறுவர்: ‘உண்’, ‘உடுத்து’, ‘உறங்கு’. கட்டளைக்கு அப்பால் உரையாடல் இல்லை. பள்ளியில் மட்டும் வாய் மூடியிருந்த குழந்தை வீட்டிலும் வாய் மூடலானாள். ஓரிரவு எம் அருகில் படுத்திருந்தவள் மெல்லக் கேட்டாள்: “பாட்டி, உங்களுக்கும் பேச வரலையா?”

அவ்வினா எம்மை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1976-ஆம் ஆண்டு, யாம் பணியேற்ற சில ஆண்டுகளில், எம் முதல் வகுப்பில் தெலுங்கு பேசும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். கிணறு வெட்டும் வேலைக்காக வந்த குடும்பம். அவன் பல வாரங்கள் பேசவில்லை. யாம் எம் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேராக ‘மந்தம்’ என்று எழுதிவைத்தோம். பின்னர் ஒருநாள் மரத்தடியில் தன் தங்கைக்குக் கூழாங்கற்களை வைத்துக் கூட்டலும் கழித்தலும் அவன் தன் மொழியில் பிழையறக் கற்பிப்பதைக் கண்டோம். கண்டபின்னும் குறிப்பேட்டில் எழுதிய சொல்லை அடிக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்குடும்பம் வேற்றூர் சென்றுவிட்டது. அன்று யாம் பிறர் குழந்தைக்கு இட்ட பெயர், இன்று எம் பேத்திக்கு இடப்படக் காத்திருந்தது.

மௌனமும் கற்றலே

பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பிக்கப்படாததும், இன்று மொழிக் கல்வியாளர் பலர் கூறுவதும் ஆகிய செய்தி ஒன்றுண்டு. புதிய மொழிச் சூழலில் நுழையும் குழந்தை பொதுவாக நான்கு படிகளைக் கடக்கின்றது.

முதற்படியில், தன் வீட்டு மொழியையே எவரிடமும் பேசிப் பார்க்கும். பயனில்லை என்று கண்டதும் இரண்டாம் படியில் மௌனமாகும். கையசைத்தும் சுட்டிக் காட்டியும் தன் தேவையை உணர்த்தும். இம்மௌனம் சில வாரங்களும் நீடிக்கலாம். சில மாதங்களும் நீடிக்கலாம். அக்காலத்தில் குழந்தை வாளாவிருப்பதில்லை. கேட்கின்றது, ஒலிகளைப் பிரித்தறிகின்றது, தனியே முணுமுணுத்துப் பார்க்கின்றது. மூன்றாம் படியில், கேட்டுப் பழகிய சிறு தொடர்களை அப்படியே எடுத்தாளும். நான்காம் படியிலேயே சொந்தமாகத் தொடர் அமைத்துப் பேசும்.

எனவே இரண்டாம் படியில் நிற்கும் குழந்தையை ‘ஏன் பேசவில்லை? எங்கே, சொல்லு பார்க்கலாம்’ என்று உறவினர் முன் நிறுத்தி வற்புறுத்துதல், நடவு நட்ட மறுநாள் வேர் விட்டதா என்று நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆயினும், எல்லா மௌனமும் இத்தகையது என்று எண்ணி இருந்துவிடலாகாது. கீழ்க்காணும் அறிகுறிகள் இருப்பின் மருத்துவரை நாடுதல் கடமை:

1. வீட்டு மொழியிலும் வயதுக்கேற்ற பேச்சு இன்மை.
2. முன்னர்ப் பேசிய சொற்களை இழத்தல்.
3. பின்னின்று அழைத்தால் திரும்பிப் பாராமை. அடிக்கடி காதில் வலி அல்லது சீழ்.
4. பல மாதங்கள் கடந்தும், மொழி விளங்கத் தொடங்கிய பின்னரும், வீட்டிற்கு வெளியே எவரிடமும் வாய் திறவாமை.

யாமும் முதலில் பேத்தியைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று செவிப்புலனைச் சோதித்தோம். குறை ஏதும் இல்லை. இத்தகைய குறைகளுக்கெனவே மைசூரில் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் என்னும் மத்திய அரசு நிறுவனம் இயங்கி வருவதைக் கருநாடகத்தில் வாழும் நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று.

வீட்டு மொழியைக் கைவிடலாமா?

கைவிடலாகாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, அறிவு ஒரு மொழியில் வேரூன்றிய பின்னரே மறுமொழிக்குப் பரவும். ‘மிதக்கும்’, ‘மூழ்கும்’ என்னும் வேறுபாட்டைத் தமிழில் அறிந்த குழந்தைக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் மட்டுமே புதியவை, கருத்துப் புதிதன்று. கருத்தும் இல்லாமல் சொல்லும் இல்லாமல் நிற்கும் குழந்தைக்கே சுமை இரட்டிப்பாகும்.

இரண்டாவது, பெற்றோர் தமக்கு முழுமையாய் வாராத மொழியில் பேசினால் உரையாடல் குன்றும். கொஞ்சலும், ஏனென்று கேட்பதும், விளக்குவதும், கதையும் மறைந்து கட்டளை மட்டுமே எஞ்சும். எம் இல்லத்தில் நிகழ்ந்தது இதுவே.

மூன்றாவது, குழந்தை நாள் முழுதும் அயல்மொழியில் அலைக்கழிந்து வீடு திரும்புகின்றது. அங்கும் அதுவே காத்திருப்பின் அதற்கு இளைப்பாற இடம் யாது?

இது எம் சொந்தக் கருத்தன்று. நம் அரசியலமைப்பில் 1956-ஆம் ஆண்டு ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கின்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. நகரில் நம் குழந்தைக்குத் தமிழ்வழிப் பள்ளி கிடைக்காமற் போகலாம். பள்ளி தர இயலாததை வீடேனும் தரலாம் அன்றோ!

மற்றொன்றும் அறிதல் வேண்டும். மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-ஆம் ஆண்டு முதல் விளக்கிவந்த வேறுபாடு இது: விளையாட்டிலும் கடையிலும் பயன்படும் அன்றாடப் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவரும், பாடங்களைப் படித்துணர்ந்து எழுதும் மொழித்திறனுக்கு 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ வேண்டும். எனவே முதல் ஆண்டின் மதிப்பெண்ணைக் கண்டு குழந்தையின் அறிவை அளந்துவிடலாகாது.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியை நாம் அடிக்கடி கூறுகின்றோம். ஐந்தில் வளையும் என்பது மெய். ஐந்தில் ஒடியும் என்பதும் மெய்யே.

நிறைந்து திரும்பிய பாட்டில்

மறுநாளே மகனையும் மருமகளையும் அமர்த்தி, அந்தத் தெலுங்குச் சிறுவன் செய்தியைக் கூறினோம். மகன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இன்று இரவு கதை சொல்லுங்கள் அம்மா” என்றான். மீண்டும் தமிழ் எம் இல்லத்திற்குத் திரும்பிற்று.

அவ்வாரத்தில்தான் வேறொன்றையும் கவனித்தோம். பேத்தியின் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே மாலையில் நிறைந்து திரும்பியது. ‘ஏன் கண்ணே தண்ணீர் குடிக்கவில்லை?’ என்று வினவியபோது முதலில் விடையில்லை. அன்றிரவு கதையின் நடுவில், காட்டில் வழி தவறிய முயல்குட்டி யாரிடமும் வழி கேட்க அறியாமல் நின்றது என்று கூறினோம். உடனே அவள், “அதுக்கு ஒண்ணுக்கு வந்தா எப்படிக் கேக்கும் பாட்டி?” என்றாள்.

அப்பொழுது விளங்கிற்று. கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்க அவளுக்குச் சொல் தெரியாது. ஒருமுறை ஆடை நனைந்து பிள்ளைகள் சிரித்திருக்கின்றனர். அதனால் காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமல் இருந்தால் தொல்லையில்லை என்று அந்தச் சின்னஞ்சிறு அறிவு தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும் என்பதைத் தாய்மார் அறிவர். எம்மை வருத்தியது அது மட்டுமன்று. ஒன்பது வாரம் அவள் இத்துன்பத்தைச் சுமந்திருக்க, நாங்கள் அனைவரும் அவளுடைய ஆங்கிலத்தைப் பற்றியே கவலைப்பட்டுக் கொண்டிருந்தோம்.

மறுநாள் பள்ளிக்குச் சென்றோம். குறை கூறச் செல்லவில்லை. தன் வகுப்பில் ஐந்து மொழிக் குழந்தைகளை ஒருவராய் வைத்துக்கொண்டு நடத்தும் இளம் ஆசிரியை அவர். அவர் நிலையை யாமும் அறிவோம். மருமகள் மொழிபெயர்த்துக் கூற, மூன்று வேண்டுகோள் வைத்தோம். ஒன்று: சுண்டுவிரலைக் காட்டினால் கழிவறைக்கு அனுப்புக. இரண்டு: ‘தண்ணீர்’, ‘வயிற்று வலி’, ‘அம்மாவைக் கூப்பிடு’ முதலிய ஐந்து தமிழ்ச் சொற்களைத் தம் மொழியில் எழுதி வைத்துக்கொள்க. மூன்று: சில வாரங்கள் எல்லார் முன்பும் எழுப்பி வினாக் கேளாது, தலையசைத்தோ சுட்டியோ விடை தர விடுக. அவர் கேட்டுக்கொண்டார். கேட்டதோடு, கதவருகில் இருந்த குழந்தையை அமைதியான தோழி ஒருத்தியின் அருகில் அமர்த்தினார். அன்று மாலை பாட்டில் பாதி காலியாய்த் திரும்பியது.

புதிய பள்ளியில் குழந்தையைச் சேர்க்கும் பெற்றோர்க்கு யாம் கூறும் முதல் அறிவுரை இதுவே: எழுத்தும் எண்ணும் கற்பிக்குமுன், ‘கழிவறைக்குப் போக வேண்டும்’, ‘தண்ணீர் வேண்டும்’, ‘வலிக்கிறது’, ‘வேண்டா’ என்னும் நான்கையும் அவ்வூர் மொழியில் கற்பித்து அனுப்புங்கள். நாள்தோறும் ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்பதற்கு முன் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பாருங்கள். வாய் கூறாததை அவை கூறும்.

அவ்வூர் மொழியும் நம் உறவே

நம் மொழியைக் காத்தல் என்பது அவ்வூர் மொழியை விலக்குதல் அன்று. கருநாடகத்தில் 2015-ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டத்தின்படி பள்ளிகளில் கன்னடம் கற்பிக்கப்படுகின்றது. அதனைச் சுமையாகக் கருதாமல் விருந்தாக ஏற்கும் வழி உண்டு.

தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல இன்றைய கன்னடத்தில் ஹகரமாகும். பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பூ ‘ஹூவு’, பத்து ‘ஹத்து’, பெயர் ‘ஹெசரு’. பழங்கன்னடத்தில் இவையும் தமிழைப் போலவே பகரத்துடன் வழங்கின. 941-ஆம் ஆண்டில் ஆதிபுராணம் இயற்றிய பம்பர் வாழ்ந்த காலத்துக் கன்னடம் நம் காதிற்கு இன்னும் நெருக்கமானது. அவ்வாறே வகரம் அங்கே ஒலிப்புடைய பகரமாகும். ‘வா’ என்பது ‘பா’ ஆகும்; ‘வேண்டா’ என்பது ‘பேட’ ஆகும்.

மாலையில் பேரன் பேத்தி இருவருடனும் தெருமுனை வரை நடந்து இதனை விளையாட்டாக்கினோம். யாம் ‘பால்’ என்போம். பேத்தி ‘ஹாலு’ என்பாள். யாம் ‘பல்’ என்போம். அவள் தன் பல்லைக் காட்டி ‘ஹல்லு’ என்பாள். ஒருநாள் பூ விற்கும் அம்மையார் எமக்குப் பூ அளந்துகொண்டிருக்கையில், பேத்தி தானே கையை நீட்டி, “ஹூவு பேக்கு” என்றாள். வீட்டிற்கு வெளியே அந்நகரில் அவள் பேசிய முதல் தொடர் அது. அந்த அம்மையார் மகிழ்ந்து, தன் கூடையிலிருந்து ஒரு முழம் தனியே எடுத்து அவள் தலையில் சூட்டினார். அது முதல் யாம் கன்னடத்தில் மாணவி ஆனோம். பேத்தி ஆசிரியை ஆனாள். பிறர்க்குக் கற்பிக்கும் நிலை குழந்தைக்குத் தரும் துணிவை வேறெதுவும் தராது.

சிறியவனின் கலக்கம்

மூத்தவள் மௌனமானாள், இளையவனோ அலறினான். படுக்கை இருந்த திசை மாறினாலும் அழுகை. பால் வேறு தம்ளரில் வந்தாலும் அழுகை. இதனைப் பிடிவாதம் என்று அடக்க முற்படுவோர் பலர். குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி 1907-இல் உரோமாபுரியில் முதல் குழந்தையர் இல்லத்தைத் தொடங்கியவரும், 1939 முதல் நம் நாட்டில் தங்கிச் சென்னை அடையாற்றிலும் பயிற்சி அளித்தவரும் ஆகிய மரியா மாண்டிசோரி அம்மையார், இரண்டு வயதளவில் குழந்தைக்கு ஒழுங்கின்மீது தனி நாட்டம் உண்டென்று விளக்கியுள்ளார். பொருள்கள் இருந்த இடத்தில் இருந்தால்தான் அதற்கு உலகம் விளங்கும். இடம்பெயரும்போது அவ்வொழுங்கு முழுதும் ஒரே நாளில் கலைகின்றது.

ஆகவே, புதிய வீட்டிற்குச் செல்லும்போது குழந்தையின் பழைய போர்வை, தம்ளர், தலையணை ஆகியவற்றை மாற்றாதீர்கள். உண்பது, குளிப்பது, உறங்குவது மூன்றும் ஊரில் இருந்த நேரத்திலேயே நடக்கட்டும். எம் இல்லத்தில் உறங்குமுன் பஞ்ச நமஸ்காரம் கூறி, ஒரு கதை கூறி, விளக்கை அணைப்பது என்னும் வரிசையை ஒருநாளும் மாற்றவில்லை. அயலூரில் குழந்தைக்கு மாறாத ஒன்று இருத்தல் வேண்டும்.

கைபேசியைப் பற்றியும் கூற வேண்டும். அக்கம்பக்கம் அறியாத நகரில், வேலைக்களைப்பில், அழும் குழந்தையின் கையில் அதனைத் தருதல் எளிது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படாமை நன்று, குறைவாயின் மேலும் நன்று என்றும் கூறுகின்றது. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கமும், நாள் முழுதுமாகக் குறைந்தது 3 மணி நேர உடலசைவும் வேண்டும் என்பதும் அதன் கூற்று. நான்காவது மாடியில் இருக்கும் வீட்டில் 3 மணி நேரம் ஓடியாடுவது எங்ஙனம்? இறங்கி நடக்க வேண்டியதே. பெங்களூரில் கப்பன் பூங்காவும் லால்பாக்கும் உள்ளன. அவை தொலைவாயின் தெருவிலுள்ள சிறு பூங்காவே போதும். மாடி முகப்பில் கம்பியழி இல்லாத வீட்டில் மட்டும் சிறு குழந்தையுடன் குடிபுகாதீர்கள்.

உணவும் வேளையும்

நம் குடும்பங்களில் கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கத்தைக் குழந்தைகளுக்குத் தொடர விரும்புவோர், நகரில் இடர்ப்படுகின்றனர். பெங்களூரில் நவம்பர்த் திங்களில் மாலை 6 மணிக்கு முன்னரே கதிரவன் மறைகின்றான். பெற்றோர் வீடு திரும்ப 8 மணியாகின்றது. நாங்கள் கண்ட வழி: குழந்தைகளுக்கு ஐந்தரை மணிக்கு முழு உணவு. பெற்றோர் வந்தபின் உணவுக்கு மாற்றாக அவர்களுடன் அரைமணி நேரப் பேச்சு. ‘சேர்ந்து உண்ண முடியவில்லையே’ என்று மருமகள் வருந்தியபோது, காலை உணவை நால்வரும் சேர்ந்து உண்ணுமாறு அரைமணி முன்னதாக எழுந்தோம்.

வகுப்பில் பிறந்தநாள் கேக்கு வழங்கப்படும். அதில் முட்டை இருக்கும். ‘அது அசுத்தம், தொடாதே’ என்று கற்பித்தால், குழந்தை அதனை உண்ணும் தோழியையும் அவ்வாறே நோக்கும். அகிம்சையின் பெயரால் ஓர் உள்ளத்தை ஊறு செய்ததாகும். “எங்கள் வீட்டில் இதை உண்பதில்லை, எனக்கு வேண்டா, நன்றி” என்று இன்முகத்துடன் கூறக் கற்பித்தோம். ‘மொட்டெ பேட’ என்பது எம் பேத்தி கற்ற இரண்டாம் கன்னடத் தொடர். அன்று வீடு திரும்பியதும் அவளுக்கெனத் தேங்காய்ப் பாறை காத்திருக்கும். மறுக்கக் கற்பிப்பவர் மாற்றும் வைத்திருத்தல் வேண்டும்.

குடிபெயரும் குடும்பத்திற்குக் குறிப்புகள்

தாய் சேய் பாதுகாப்பு அட்டையை மூட்டையின் அடியில் வைக்காதீர்கள். தேசியத் தடுப்பூசி அட்டவணையின்படி 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் தட்டம்மை ருபெல்லா ஊசியும், முத்தடுப்பு ஊக்க ஊசியும் உண்டு. 5 முதல் 6 வயதில் மீண்டும் முத்தடுப்பு ஊக்க ஊசி உண்டு. குடிபெயரும் பரபரப்பில் மறக்கப்படுவன இவையே. நாட்டின் எந்த அரசு சுகாதார நிலையத்திலும் அவ்வட்டையைக் காட்டி இலவசமாய்ப் போட்டுக்கொள்ளலாம்.

பெற்றோர் பெயர், வீட்டு முகவரி, ஒரு கைபேசி எண் ஆகிய மூன்றையும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாட்டுப்போல் மனப்பாடம் செய்விக்க வேண்டும். இடருறும் குழந்தைகளுக்கான 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிதல் வேண்டும்.

ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியர் கிழமைக்கு இருமுறையேனும் தொலைபேசியில் கதை கூறலாம். ஞாயிறுதோறும் ஜினாலயத்திலோ உறவினர் இல்லத்திலோ தமிழ் பேசும் பிற குழந்தைகளுடன் கூடி விளையாட வாய்ப்பளிக்கலாம். தம் மொழி தம் பாட்டிக்கு மட்டும் உரியதன்று, தம் வயதுப் பிள்ளைகளுக்கும் உரியது என்று குழந்தை கண்ணால் காண வேண்டும்.

நிறைவாக

திசம்பரில் பேத்தி வகுப்பில் முதன்முறையாக வாய் திறந்தாள். அரிய சொற்பொழிவன்று, பக்கத்துக் குழந்தையின் பென்சில் கீழே விழ, ‘உன் பென்சில்’ என்று இரண்டு ஆங்கிலச் சொற்கள் கூறினாள். ஆசிரியை அதனைத் தொலைபேசியில் மருமகளிடம் தெரிவித்தார். மார்ச்சில் யாம் ஊர் திரும்பும்போது அவள் மூன்று மொழிகளையும் கலந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அக்கலப்பைக் கண்டும் அஞ்ச வேண்டா. அது குழப்பமன்று, வளர்ச்சியின் ஒரு நிலையே. கேட்பவர் யார் என்பதற்கேற்ப மொழிகளைப் பிரித்தாளும் திறன் நாளடைவில் தானே படியும்.

ஊர் திரும்பியதும் பழைய பெட்டியில் அக்குறிப்பேட்டைத் தேடினோம், கிடைக்கவில்லை. கிடைத்திருப்பின் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘இன்னும் வேர் பிடிக்கவில்லை’ என்று எழுதியிருப்போம். அதற்கு இயலாமற் போகவே, இப்பாடத்தை எழுதினோம்.

வளர்க நம் இளந்தளிர்கள்!

குடும்பத்தில் கலந்துரையாட வினாக்கள்

1. உங்கள் குழந்தை பள்ளியில் கழிவறைக்குச் செல்ல எவ்வாறு அனுமதி கேட்கின்றது? அதனிடமே கேட்டறிக.
2. நேற்று உங்கள் குழந்தையிடம் நீங்கள் கூறியவற்றுள் கட்டளைகள் எத்தனை? உரையாடல்கள் எத்தனை?
3. நீங்கள் வாழும் நகரின் மொழியில் தமிழோடு உறவுடைய சொற்கள் ஐந்தினைக் குழந்தையுடன் சேர்ந்து கண்டறிக.
4. குடிபெயர்ந்த பின்னும் உங்கள் இல்லத்தில் மாறாதிருக்கும் வழக்கம் யாது?
5. உங்கள் தெருவில் அயல்மொழிக் குடும்பத்துக் குழந்தை உண்டா? அக்குழந்தை வேர்பிடிக்க உங்கள் இல்லம் செய்யக்கூடிய உதவி யாது?